மூணாவது ஓட்டை

ஜூன் 4

என் வாலுவுக்கு அத்தை எழுதறது.

நீ எப்படி இருக்கேன்னு முதல்ல கேக்கணும். ஆனா கேக்கப் பயமா இருக்கு. நல்லா இல்லைன்னு எழுதிட்டா நான் என்ன பண்ணுவேன்? அதனால நல்லா இருக்கேன்னு நானே வெச்சுக்கறேன். ஆண்டவன் பாத்துக்குவான்.

விஷயத்துக்கு வர்றேன். ஸ்டோர் ரூம்ல நீ வெச்சுட்டுப் போன கம்ப்யூட்டர் பெட்டி செத்துப்போச்சு. முந்தாநேத்து சாமி கும்பிட்டுட்டு இருக்கேன், ரப்பர் தீயற நாத்தம். விளக்குத் திரிதானோன்னு பாத்தா அது அமைதியா எரியுது. உள்ள போய்ப் பாத்தா உன் பெட்டி மூச்சில்லாமக் கெடக்கு. கம்ப்யூட்டர் கடைக்காரரைக் கூட்டிட்டு வந்தேன். மனுசன் மூடியைக் கழட்டினாரு, மோந்து பாத்தாரு, தலைய ஆட்டினாரு. "மதர் போயிடுச்சும்மா"ன்னாரு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. "யாரோட மதரு?"ன்னு கேட்டேன். அவரு என்னைப் பாத்தாரு, நான் அவரைப் பாத்தேன். அப்புறம்தான் சொல்றாரு, பெட்டிக்குள்ள மத்த எல்லாத்தையும் ஒண்ணாப் புடிச்சு வெச்சிருக்கற பலகைக்குப் பேரு மதர்போர்டாம். அது போனா மத்தது இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். உங்க அம்மா போனப்ப நம்ம வீடு இருந்துச்சே, அந்த மாதிரி.

வேற போர்டு போட்டாப் போதுமாம். எதுன்னு நீதான் சொல்லணும். கட்டடம் நிக்குமா விழுமான்னு நீ அங்கிருந்து நெட் வழியா போடற கணக்கெல்லாம் இந்தப் பெட்டியிலதானே ஓடுது. ஒரு பல்பும் ஒரு பிளக்கும் குடுக்கற ஹாஸ்டல் ரூம்ல வெச்சு அதை ஓட்ட முடியுமா? சீக்கிரம் எழுது, வேலைய விட்டுத் தூக்கிடப் போறாங்க.

இன்னொண்ணு. மாப்பிள்ளை போன் பண்ணாரு. மரியாதையாத்தான் பேசினாரு. "அவ நல்லா இருந்தாப் போதும் அத்தை, எங்க இருக்கான்னுகூடச் சொல்ல வேண்டாம்"னாரு. குரல்ல தேன் சொட்டுது. போனை வெச்சதும் பாக்கறேன், என் உள்ளங்கை பூரா வேர்வை. நீ சொன்ன மாதிரி உன்னைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. இந்தக் கடுதாசியைக்கூட நம்ம தெருப் பெட்டியில போடாம மார்க்கெட் தாண்டிப் போய்ப் போடறேன். போன் பேச்சு அவரு காதுக்குப் போயிடும்னு நீ சொன்னதால, கையில போனை வெச்சுக்கிட்டுக் கடுதாசி எழுதற ஆளுங்க நாம ரெண்டு பேருதான் இருப்போம்.

சாப்பிடாம இருக்காதே.

அத்தை


ஜூன் 9

அன்புள்ள அத்தைக்கு,

நலமாக இருக்கிறேன். அவன் முறுக்கிய மணிக்கட்டு மட்டும் மழை நாட்களில் வலிக்கிறது.

ஒரு வேண்டுகோள். அவனை 'மாப்பிள்ளை' என்று எழுதாதீர்கள். அந்தச் சொல்லைப் பார்த்ததும் கடிதத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன். மீதியை மறுநாள்தான் படிக்க முடிந்தது. போலீசில் எழுதிக் கொடுத்தும் 'குடும்பத் தகராறு' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்று அவனுக்குத் தெரியாது. அது தெரியாதவரைதான் நான் உயிரோடு இருப்பேன். மிகைப்படுத்தவில்லை அத்தை.

போர்டு விஷயம். பெட்டி சின்னது, எனவே போர்டும் சின்னதாக இருக்க வேண்டும். சதுரமாக இருக்கும், நீங்கள் கையைச் சாணாக விரித்தால் அதற்குள் அடங்கிவிடும். 'மினி ஐடிஎக்ஸ்' என்று கேளுங்கள். அடுத்தது, 'ஈசிசி' மெமரியோடு வேலை செய்கிற போர்டாக இருக்க வேண்டும். சாதாரண மெமரியில் எப்போதாவது ஓர் எண் தானாகவே மாறிவிடும். பாட்டுக் கேட்கிறவருக்கு அது தெரியவே தெரியாது. என் கணக்கில் மாறினால் ஒரு தூண் மெலிந்துவிடும். அதன்மேல் ஆட்கள் குடியிருப்பார்கள். ஈசிசி அந்தத் தவறைத் தானே பிடித்துத் திருத்திவிடும். நெட் வயர் செருக இரண்டு ஓட்டை இருந்தால் போதும். சில போர்டுகளில் மூன்றாவது ஒன்று தனியாக இருக்கும். அது தேவையில்லை.

நான் கிளம்பும்போது இன்டர்நெட் பெட்டியை மாற்றச் சொன்னேனே, மாற்றிவிட்டீர்கள்தானே? அது அவன் மாட்டிக் கொடுத்தது.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள்.

உங்கள் வாலு


ஜூன் 16

வாலு கண்ணு,

கிழிச்சேன். கிழிக்கும்போது உன் கையெழுத்து வேணும்னு 'உங்கள் வாலு' மட்டும் கத்திரிச்சு சாமி படத்துக்குப் பின்னாடி வெச்சிருக்கேன். திட்டாதே. அதுல ஊரும் இல்ல, பேரும் இல்ல.

மாப்பிள்ளைன்னு இனிமே எழுதலை. ஆனா 'அவரு'ங்கறது மட்டும் கையில தானா வந்துடுது. கல்யாணத்துல மாலை போட்டு வரவேத்த கை. கொஞ்சம் கொஞ்சமா மாத்திக்கறேன். இன்டர்நெட் பெட்டியைத்தான் நீ போன அன்னைக்கே மாத்திட்டேனே, நானே ஸ்டூல் போட்டு ஏறி. இந்த வயசுல விழுந்து இடுப்பை ஒடைச்சுக்காம இருந்ததே கடவுள் செயல்.

கடைக்குப் போனேன். கடைக்காரரு கண்ணாடி மேசை மேல போர்டுங்களைப் பரப்பினாரு. முதல்ல எடுத்துக் காட்டினது முறம் மாதிரி இருந்துச்சு. நான் சாண் விரிச்சு வெச்சேன். "அம்மா, ஸ்கேல் இருக்கும்மா"ன்னாரு. "அவ என் கையைத்தான் அளவாச் சொல்லியிருக்கா, உங்க ஸ்கேலை இல்ல"ன்னேன். ரெண்டாவது சாணுக்குள்ள அடங்கிச்சு. "தப்புப் பண்ணா தானே திருத்திக்குமா?"ன்னு கேட்டேன். "அதெல்லாம் திருத்தாதும்மா"ன்னாரு. "அப்ப எடுத்து உள்ள வைங்க, அது பாட்டுக் கேக்கறவங்களுக்கு"ன்னேன். மனுசன் வாயைத் தொறந்தவரு மூடல.

கடைசியில ரெண்டு மிஞ்சிச்சு. ரெண்டும் சின்னது, ரெண்டும் திருத்திக்கும். ஒண்ணுல ரெண்டு ஓட்டை, இன்னொண்ணுல மூணு.

"இந்த மூணாவது எதுக்கு?"

"அதுதாம்மா இதுல விசேஷமே. இது சர்வர் போர்டு. இந்த ஓட்டைக்குப் பின்னால தனியா ஒரு சில்லு இருக்கு. கம்ப்யூட்டரை நிறுத்தினாலும் அது தூங்காது. நடுவுல நின்னு போச்சுன்னா பாப்பா அங்கிருந்தே எழுப்பிக்கலாம், அங்கிருந்தே பாத்துக்கலாம்."

வாலு, அந்த வார்த்தையிலதான் நான் விழுந்துட்டேன். அங்கிருந்தே பாத்துக்கலாம். தூங்காமப் பாத்துக்கறவன் ஆண்டவன் ஒருத்தன்தான்னு நெனச்சிருந்தேன், இப்ப இது ஒண்ணு. நீ தேவையில்லைன்னு எழுதியிருக்கே. சின்ன வயசுல இருந்து உனக்கு எது கேட்டாலும் தேவையில்லைதான். புதுச் செருப்பு? தேவையில்லை. இன்னொரு போர்வை? தேவையில்லை. குளிர்ல பல்லு கிடுகிடுங்கும், வாய் மட்டும் தேவையில்லைங்கும். அதனால மூணு ஓட்டை உள்ளதையே வாங்கிட்டேன். செலவைப் பத்திப் பேசாதே, பேசினாச் சண்டைக்கு வருவேன்.

கடைக்காரரே வந்து மாட்டிக் குடுத்தாரு. மூணு ஓட்டைக்கும் வயர் போட்டாச்சு. "அந்தச் சில்லுக்கு ரகசியச் சொல்லு மாத்தணுமாம்மா?"ன்னு கேட்டாரு. எதையாவது மாத்தி, உனக்குத் தெரியாமப் போயிட்டா? "கம்பெனி குடுத்ததே இருக்கட்டும்"னுட்டேன். பெட்டி நல்லா ஓடுது. நிறுத்தினாலும் அந்த மூணாவது ஓட்டைகிட்ட ஒரு பச்சை விளக்கு மட்டும் அணையாம மினுக்குது. தூங்கற கொழந்தை மூச்சு விடற மாதிரி.

அத்தை


ஜூன் 20

வாலு,

உன் பதில் வரலை, அதுக்குள்ள எழுதறேன். மனசு ஒரு நிலையில இல்ல.

முந்தாநேத்து மத்தியானம் ஒரே இடி. இடி இடிச்சாப் பெட்டியை நிறுத்தணும்னு நீ சொல்லியிருக்கியே, நிறுத்தினேன். சாமி முன்னாடி உக்காந்து கண்ணை மூடறேன், ஸ்டோர் ரூம்ல விர்ருன்னு சத்தம். போய்ப் பாத்தா பெட்டி தானா எழுந்திருக்கு. திரையில வெள்ளை வெள்ளையா எழுத்து ஓடுது. அப்புறம் அணையுது, திரும்ப எழுந்திருக்குது, திரும்ப அணையுது. யாரோ கதவைத் தள்ளிப் பாத்துட்டு, ரெண்டடி பின்னால போய், மறுபடி தள்ளற மாதிரி.

கடவுள் பேரைச் சொல்லிக்கிட்டே வாசப்படியிலயே நின்னேன். அப்புறம்தான் கடைக்காரரு சொன்னது ஞாபகம் வந்துச்சு. அட, நம்ம வாலுதான் அங்கிருந்து எழுப்புதுன்னு. எனக்கு வந்த சந்தோசத்துக்கு அளவே இல்ல. ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பெட்டி முன்னாடியே உக்காந்துட்டேன். உனக்குக் கேக்காதுன்னு தெரியும், இருந்தாலும் பேசினேன். மணிக்கட்டுக்குத் தைலம் தேச்சியான்னு கேட்டேன். சாப்பிட்டியான்னு கேட்டேன். நேத்தும் அதே நேரத்துக்கு எழுந்துச்சு. இன்னைக்கும் எழுந்துச்சு. நானும் போய் உக்காந்தேன்.

ஆனா இன்னைக்கு உக்காந்திருக்கும்போது முதுகுல என்னமோ ஊர்ற மாதிரி இருந்துச்சு. ஏன்னு சொல்லத் தெரியலை. நீ வந்தா வீட்டுல ஒரு கலகலப்பு இருக்கும். இது அப்படி இல்ல. மெதுவா, பொறுமையா, ஒவ்வொண்ணாத் தொட்டுப் பாக்குது.

நீதானே? நீதான்னு ஒரே ஒரு வரி போடு கண்ணு.

அத்தை


ஜூன் 24

அத்தை,

அது நான் இல்லை.

இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் மூன்றாவது ஓட்டையில் இருக்கும் வயரைப் பிடுங்கிவிடுங்கள். மீதியைப் பிறகு படியுங்கள்.

அந்தச் சில்லு கம்ப்யூட்டருக்குள் இருக்கும் இன்னொரு கம்ப்யூட்டர். அதன் வழியாக வருகிறவன் பெட்டியை எழுப்பலாம், நிறுத்தலாம். திரையில் இருப்பது எல்லாம் அவனுக்குத் தெரியும். அங்கிருந்தே தட்டச்சும் செய்யலாம். கம்பெனி கொடுக்கும் ரகசியச் சொல் உலகத்துக்கே தெரிந்தது. இப்படி நிறுத்தி நிறுத்தி எழுப்பினால் என் பூட்டைத் தாண்டி உள்ளே போய்விட முடியும். நான் எந்த ஊரிலிருந்து வேலை செய்கிறேன் என்ற தடம் உள்ளே இருக்கிறது. இதையெல்லாம் அன்றே எழுதியிருக்க வேண்டும். ஒற்றைச் சொல்லில் 'தேவையில்லை' என்று எழுதினேன்.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். வெளியிலிருந்து வருகிறவன் முதலில் இன்டர்நெட் பெட்டியைத் தாண்ட வேண்டும். பழைய பெட்டியின் திறவுகோல்தான் அவனிடம் இருக்கிறது. நீங்கள்தான் புதுப் பெட்டி மாற்றிவிட்டீர்களே? அதற்குள் எப்படி வந்தான்?

அத்தை, மாற்றினீர்கள்தானே?

வாலு


ஜூன் 28

வாலு,

மாத்தினேன். ஹால்ல இருந்ததைக் கழட்டி ஸ்டோர் ரூமுக்கு மாத்தினேன். அவரு மாட்டிக் குடுத்ததைப் பாத்தா உனக்கு ஆகாது, கண்ணுல படாத எடத்துக்கு மாத்தச் சொல்றேன்னு நெனச்சேன். அதே பெட்டிதான் கண்ணு. எடம்தான் மாறிச்சு. நீ சொன்ன மாத்தறது வேற, நான் மாத்தினது வேற. உன் லெட்டரைப் படிச்சதும்தான் புரிஞ்சுது.

வயரைப் பிடுங்கிட்டேன். பச்சை விளக்கு மினுக்கி மினுக்கி நின்னுச்சு. ஒரு உயிரை நிறுத்தற மாதிரி இருந்துச்சு எனக்கு. போய் மூஞ்சி கழுவிட்டு வர்றதுக்குள்ள போன் அடிக்குது.

"என்ன அத்தை, வயரைப் பிடுங்கிட்டீங்களா?"

அதே குரல், அதே தேன். "எந்த வயருப்பா?"ன்னேன். சிரிச்சாரு. "சும்மா கேட்டேன் அத்தை. தினம் மத்தியானம் பெட்டி முன்னாடி என்ன வேலைன்னு பாத்தா, நீங்க எனக்குத் துணையா உக்காந்திருந்தீங்க போல"ன்னாரு. அந்தப் பெட்டிக்குக் கண்ணு இல்லைன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் முந்தானையை இழுத்துப் போத்திக்கிட்டேன். நான் உக்காந்திருந்தது எப்படித் தெரியும்? ஸ்டூலை இழுக்கறப்ப ஒவ்வொரு தடவையும் கீபோர்டுல முழங்கை பட்டுச்சு, ஏதேதோ எழுத்து விழுந்துச்சு. அதைப் பாத்திருப்பாரு.

அப்புறம் சொன்னாரு. "அவ இருக்கற ஊர்ல இப்ப நல்ல மழையாமே அத்தை. குடை வெச்சிருக்காளா?"

நான் ஒண்ணும் சொல்லலை. சத்தியமா ஒண்ணும் சொல்லலை. ஆனா நான் சொல்றதுக்கு அவனுக்கு என்ன தேவை இருக்கு? அவனுக்கு ஊர் தெரிஞ்சு போச்சு. தெருவும் கதவும்தான் பாக்கி. அந்த மழையைச் சொல்றப்ப அவன் குரல்ல இருந்த சந்தோசம் இருக்கே, இப்பவும் காதுல ஒட்டிக்கிட்டு இருக்கு.

பாரு, 'அவன்'னு எழுதிட்டேன். மாலை போட்ட கைக்கு இவ்வளவு நாள் ஆச்சு.

கிளம்பு வாலு. எங்கன்னு எனக்குச் சொல்லாதே.

அத்தை


ஜூலை 1

அத்தைக்கு,

கிளம்புகிறேன். எட்டாம் தேதி காலையில்தான் வண்டி கிடைத்தது. அதுவரை அறையை விட்டு வெளியே போகப் போவதில்லை. நேற்று ஒருவன் வாசலில் நின்று, வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி எது என்று பக்கத்துக் கடையில் விசாரித்திருக்கிறான். அவன்தானா, அவன் அனுப்பிய ஆளா தெரியவில்லை. இந்த ஊரில் விடுதிகள் நிறைய இருக்கின்றன. எல்லாவற்றிலும் விசாரித்து முடிக்கச் சில நாட்கள் ஆகும். அந்த நாட்கள்தான் எனக்கு இருக்கின்றன.

அழ வேண்டாம். உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அங்கிருந்தே பாத்துக்கலாம் என்ற வார்த்தைக்கு நானும் விழுந்திருப்பேன்.

அந்தப் பெட்டியில் இனி எனக்கு ஒன்றும் இல்லை. புது ஊரில் புதுப் போர்டு வாங்குவேன். கடையில் நானே நின்று, என் சாணாலேயே அளந்து.

வார்டன் அம்மாவின் தங்கை விலாசத்தைத் தனித்தாளில் வைத்திருக்கிறேன். ஒரே ஒரு கடிதம் அங்கே போடுங்கள். என்னிடம் வந்து சேரும். அதற்குப் பிறகு வேண்டாம்.

வாலு


ஜூலை 8

என் வாலு,

இந்நேரம் நீ வண்டியில உக்காந்திருப்பே. ஜன்னல் ஓரமா உக்காராதே. இதைப் படிக்கறப்ப போய்ச் சேந்திருப்பே, இருந்தாலும் சொல்றேன்.

உன் லெட்டர் வந்த அன்னைக்கே நான் ஒரு காரியம் பண்ணேன். அந்த வயரை எடுத்து மூணாவது ஓட்டையில திரும்பச் செருகிட்டேன்.

கத்தாதே. முழுசாப் படி. அவன் அந்த ஊர்ல தெருத் தெருவாச் சுத்தினாத்தான் உனக்கு ஆபத்து. அதை விட்டுட்டு அவன் இந்தத் திரையைப் பாத்துட்டு உக்காந்திருந்தா உனக்கு ஒண்ணும் இல்ல. கீழ் வீட்டு டெய்லரம்மாதான் பெட்டியில எழுதற பக்கத்தைத் தொறந்து குடுத்தா. போன்ல அடிக்கற மாதிரி இங்கிலீசு எழுத்துலயே தமிழை ஒத்தை விரலால தட்டினேன். "மழை விட்டுச்சா?"

பொய் சொல்ல எனக்கு வராது, உனக்கே தெரியும். சாமி முன்னாடி விளக்கேத்தற கையால பொய் எழுதக் கூடாதுன்னு ரொம்ப நேரம் யோசிச்சேன். ஆனா கேள்வி கேக்கறது பொய்யில சேராதில்ல? நான் வெறும் கேள்விதான் கேட்டேன். உங்கிட்ட கேக்கறதா அவன் நெனச்சுக்கிட்டா அது அவன் பாடு.

அன்னைக்கு ஒண்ணும் நடக்கலை. மறுநாள் மத்தியானம் பச்சை விளக்கு வேகமா மினுக்குச்சு. நான் கையை மடியில வெச்சிருக்கேன் வாலு. கீபோர்டை யாரும் தொடலை. திரையில ஒவ்வொரு எழுத்தா முளைக்குது. "விடலை அத்தை."

எனக்கு ஒண்ணுக்கு வந்துடும் போல ஆயிடுச்சு. டெய்லரம்மா என் தோளைப் புடிச்சுக்கிட்டா. "குடை இருக்கா?"ன்னு தட்டினேன். "இருக்கு அத்தை"ன்னு வந்துச்சு. உன்னை மாதிரியே பேசறான். ஒரு நிமிசம் எனக்கே நீதானோன்னு ஆசை வந்துடுச்சு. அதான் கேட்டேன், "புதுப் போர்வை வாங்கி அனுப்பட்டுமா?"

"அனுப்புங்க அத்தை. எந்த விலாசத்துக்கு அனுப்புவீங்க, சொல்லுங்க பாப்போம்."

என் வாலுவா இருந்தா என்ன சொல்லியிருக்கும்? தேவையில்லைன்னு சொல்லியிருக்கும். அந்த ஒரு வார்த்தை அவனுக்குத் தெரியலை. உன்கூட அத்தனை வருசம் குடித்தனம் பண்ணவனுக்கு அது தெரியலை பாரு.

அதுக்கப்புறம் எனக்குத் தைரியம் வந்துச்சுன்னு சொன்னா அதுதான் பொய். பயந்துக்கிட்டேதான் தட்டினேன். "கம்பளியா, பருத்தியா?" "எதுன்னாலும் சரி அத்தை. விலாசம்?" "பூப் போட்டதா, கோடு போட்டதா?" "கோடு. விலாசம் சொல்லுங்க." "செவப்புக் கோடா, பச்சைக் கோடா?" தினமும் மத்தியானம் இதே கூத்து. போர்வைக் கடைக்காரன்கூட இவ்வளவு பொறுமையா பதில் சொல்லியிருக்க மாட்டான். அப்பப்ப என்னையும் மீறிச் சிரிப்பு வந்துடும், சிரிச்சு முடிச்சதும் வாசக்கதவு தாழ் போட்டிருக்கான்னு போய்ப் பாத்துட்டு வருவேன். பதிலுங்க நாளாக நாளாகச் சுருங்கிக்கிட்டே வந்துச்சு. நேத்து வெறும் "விலாசம்" மட்டும்தான். நான் கரை வெச்சதா வேணுமான்னு கேட்டேன்.

இன்னைக்குக் காலையிலயே விளக்கு மினுக்குச்சு. நீ வண்டி ஏறியிருப்பேன்னு நான் கும்பிட்டுட்டு இருந்த நேரம்.

"அத்தை, நான் யாருன்னு உங்களுக்குத் தெரியும். தெரியும்னு எனக்கும் தெரியும். நேர்ல பேசிக்கலாம். வர்றேன்."

"எப்ப?"ன்னு தட்டினேன்.

"இன்னைக்கே. பக்கத்துலதான் இருக்கேன்."

பக்கத்துலன்னா இங்க வாலு. அங்க இல்ல. அந்த ஒரு வரியைப் படிச்சுட்டுச் சாமி முன்னாடி விழுந்து கும்பிட்டேன். அவன் என் கதவை நோக்கி எடுத்து வைக்கற ஒவ்வொரு அடியும் உன்னை விட்டு விலகிப் போற அடி.

நீ கவலைப்படாதே. கம்ப்யூட்டர் கடைக்காரரு கடையைச் சாத்திட்டு வந்து ஹால்ல உக்காந்திருக்காரு, கையில அந்த ஸ்கேலை வெச்சுக்கிட்டு. அதை வெச்சு என்ன பண்ணப் போறாரோ தெரியலை. போலீசுக்கும் சொல்லியாச்சு. திரையில அவன் எழுதினது அத்தனையையும் கடைக்காரரு போட்டோ புடிச்சு வெச்சிருக்காரு. குடும்பத் தகராறுன்னு இந்தத் தடவை சொல்ல மாட்டாங்கன்னு சொல்றாரு. டெய்லரம்மா பின்வாசல்ல நிக்கறா, இந்தக் கடுதாசியை வாங்கிட்டுப் போக. முடி முடின்னு அவசரப்படுத்தறா.

அந்தத் துண்டுத் தாளை, உன் கையெழுத்தை, சாமி படத்துக்குப் பின்னாடி இருந்து எடுத்துக் கொளுத்திட்டேன். இப்ப இந்த வீட்டுல நீ எங்கயும் இல்ல.

போர்வை அனுப்பட்டுமான்னு உன்னைக் கேக்க மாட்டேன். நீயே ஒண்ணு வாங்கிக்கோ. நல்ல கனமானதா. தேவையில்லைன்னு சொல்லாம.

படியில யாரோ ஏறி வர்ற சத்தம் கேக்குது. கடைக்காரரு எழுந்து நிக்கறாரு.

நான் ஒண்ணும் பேச மாட்டேன் கண்ணு. யாருன்னு மட்டும் கேப்பேன்.

அத்தை